வேலை முன், விலை பின்

மாடு வாங்கப் போகின்றவன் தனியே போவதில்லை. பல் பார்க்க அறிந்த ஒருவனையும் உடன் அழைத்துப் போகின்றான். சுழி பார்க்கின்றான், நடை பார்க்கின்றான், ஏரிலே பூட்டி நாலு சால் உழுதும் பார்க்கின்றான். காணி வாங்குகின்றவன் உறுதியை நொத்தாரிசிடம் காட்டுகின்றான். எல்லை நான்கையும் காலால் நடந்து பார்க்கின்றான். கலியாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதைச் சொல்லவேண்டியதில்லை. இத்தனையும் பார்க்கும் நம்மவர், பல மாதச் சம்பளத்தை ஒரேயடியாகக் கொட்டி மடிக்கணினி ஒன்று வாங்கும்போது மாத்திரம் கண்ணை மூடிக்கொள்கின்றனர். நிறம் பார்க்கின்றனர்; கொம்பனியின் பெயர் பார்க்கின்றனர்; அயல்வீட்டுப் பிள்ளை வைத்திருப்பது எது என்று பார்க்கின்றனர். பார்க்கவேண்டியதைப் பார்ப்பவர் மிகச் சிலரே.

கடைக்காரர் நீட்டும் விலைத்துண்டில் எண்ணும் எழுத்தும் விரவிய வரி ஒன்று இருக்கும். முறைவழியாக்கி இன்னது, நினைவகம் இத்துணை, சேமிப்பகம் இத்துணை, திரை இத்தனை அங்குலம் என்பது அவ்வரியின் பொருள். இதனை ஆங்கிலம் அறிந்தார் கொன்பிகறேசன் என்பர். ஒரு பொருளின் உறுப்புக்கள் இன்ன அளவில், இன்ன தன்மையில், ஒன்றற்கொன்று இயைந்து அமைந்திருக்கின்றன என்பதே அதன் கருத்து. ஆதலின், உறுப்பமைதி என்று தமிழிற் சொன்னாற் பொருள் குன்றாது. கணனி, கணணி, கணினி என மூவாறாக எழுதி இடர்ப்படும் நம் எழுத்துலகம் இச்சொல்லையாவது ஒருவாறாக எழுதுமென நம்புவோம். இந்த உறுப்பமைதியை வாசிக்கத் தெரியாமற் கணினி வாங்குவது, உறுதியை வாசியாமற் கையொப்பமிடுவதை ஒக்கும்.

இதனாலாகும் இழப்புச் சிறிதன்று. பிள்ளை பல்கலைக்கழகம் புகும் ஆண்டிலேதான் பெரும்பாலான குடும்பங்கள் மடிக்கணினி வாங்குகின்றன. தாயின் காப்பு அடைவுக்குப் போகின்றது; அல்லது தகப்பன் கடன்படுகின்றான். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அது 360 ரூபாவை எட்டியது. கணினியின் உறுப்பெல்லாம் வெளிநாட்டிலிருந்து வருவன. ரூபாவின் வீழ்ச்சி ஏழைவீட்டு மேசையிலேயே முதலில் விழுந்தது. அடைவு வைத்த காப்பு மீளுமுன்னே கணினி பயனற்றுப் போனால், அப்பிள்ளையின் படிப்பையும் அது கூடவே முடக்கிவிடுகின்றது. ஆகவே இது கணினி வல்லுநர் மாத்திரம் பேசிக்கொள்ளவேண்டிய விடயம் என்று ஆசிரியர்களாகிய நாம் ஒதுங்கி நிற்றல் முறையன்று.

நாம் சொல்லக் கருதுவது ஒன்றே. வேலையை முதலில் எழுதுக. அந்த வேலைக்கு வேண்டிய உறுப்பை அதன்பின் எழுதுக. விலையை ஈற்றிலே கேட்க. இம்முறையை மாற்றி விலையிலே தொடங்குகின்றவன், கையிலுள்ள காசுக்கு எது கிடைக்குமோ அதனை வாங்கி, தன் வேலையை அதற்கேற்ப முடமாக்கிக் கொள்கின்றான். பெயரிலே தொடங்குகின்றவன், தனக்கு ஒருநாளும் பயன்படாத வலிமைக்குப் பணங் கொடுக்கின்றான்.

தமிழ் கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் உரிய வேலை யாது? எழுதுதல், வாசித்தல், பழைய நூல்களின் படிமங்களைத் திறந்து பார்த்தல், இணையவழி வகுப்பிற் கலந்துகொள்ளுதல், வினாத்தாள் ஆக்குதல் என்பனவே பெரும்பாலும். இவற்றுள் எழுத்து என்பது கணினிக்கு ஒரு சுமையே அன்று. திருக்குறளை எடுத்துக்கொள்வோம். 1330 குறள், குறளொன்றுக்கு ஏழு சீர், ஆக 9310 சீர். ஒருங்குறி முறையிலே தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் வழக்கமாக மூன்று பைட் இடங்கொள்ளும். அப்படியிருந்தும் நூல் முழுவதும் ஏறத்தாழக் கால் மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். நாலாயிரம் திருக்குறட் பிரதிகளை அடுக்கினாலும் ஒரு கிகாபைட் ஆகும் அளவே. பின்னை, எட்டு கிகாபைட் நினைவகம் போதாது, பதினாறு வேண்டும் என்கின்றார்களே, அஃது எற்றுக்கு?

அந்த நினைவகத்தை உண்பது தமிழ் அன்று. பணிசெயல் முறைமையாகிய விண்டோஸ் தானொன்றே மூன்று நான்கு கிகாபைட்டைத் தனக்கென எடுத்துக்கொள்வது வழக்கம். இணைய உலாவியிற் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்தால் அதற்கும் அத்துணை வேண்டும். இணையவழி வகுப்பு ஒருபுறமும், வருடிய நூலொன்று ஒருபுறமும், எழுதும் கட்டுரை ஒருபுறமுமாகத் திறந்திருக்கும் வேளையில் நாலு கிகாபைட் நினைவகம் மூச்சுத் திணறும். எட்டு ஒருவாறு தாங்கும். பதினாறு இருப்பின் ஐந்தாறு ஆண்டுக்குக் கவலையில்லை. வேலையை எழுதிப் பார்த்தவனுக்கே இந்தக் கணக்கு விளங்கும்.

இனி உறுப்புக்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது முறைவழியாக்கி. இதன் பெயரைப் பகுபதம்போலப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். ஐ3, ஐ5, ஐ7 என்பன முன்னிற்கும் பகுதி. நம்மவர் பெரும்பாலும் பகுதியைக் கேட்டவுடனே பதத்தின் பொருள் முழுதும் அறிந்தாராய்த் தலையசைக்கின்றனர். ஐ7 என்றால் உயர்ந்தது, ஐ3 என்றால் தாழ்ந்தது, அவ்வளவே. இன்டெல் கொம்பனியின் ஐ5-1235யூ என்ற பெயரைப் பாருங்கள். நடுவே நிற்கும் எண்ணின் முதல் ஈரிலக்கமாகிய 12 அதன் தலைமுறையைக் காட்டும். ஈற்றிலே நிற்கும் யூ என்பது விகுதி. குறைந்த மின்னில் இயங்குவது என்பது அதன் பொருள். எச் என்னும் விகுதி பெற்றது மிகுந்த மின்னை உண்டு மிகுந்த வலி காட்டும். பகுதியொன்றையே கேட்டுப் பொருள் கொண்டால் என்ன ஆகும்? 2016 இல் வந்த ஐ7-7500யூ என்பதற்குக் கருக்கள் இரண்டே. 2022 இல் வந்த ஐ3-1215யூ என்பதற்குக் கருக்கள் ஆறு. பெயரால் தாழ்ந்த பின்னையது செயலால் உயர்ந்தது. ஐ7 என்னும் பெயருக்காகப் பழையதை வாங்குகின்றவன் தம்பிக்கு உரிய வலிமையை அண்ணனிடம் எதிர்பார்த்து ஏமாறுகின்றான்.

ஏ.எம்.டி. கொம்பனியின் பெயர்களில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ, ரைசன் 5 7540யூ என மூன்று பெயர்கள். கேட்பார் செவிக்கு மூன்றும் உடன்பிறந்தார்போல ஒலிக்கும். ஆயின் மூன்றாம் இலக்கமே கட்டமைப்பின் வயதைச் சொல்வது. 2 என்பது சென் 2. 3 என்பது சென் 3. 4 என்பது சென் 4. சென் 2 என்னும் கட்டமைப்பு முதன்முதல் வெளிவந்த ஆண்டு 2019. அதனைத் தாங்கிய 7520யூ, 2023 ஆம் ஆண்டின் வரிசையிற் புதுப்பெயர் சூடி விற்பனைக்கு வந்தது. பெயர் புதிது, பொருள் பழையது. விலை மலிவாயின் இதுவும் எழுத்து வேலைக்குப் போதும். புதியது என்று எண்ணிப் புதியதன் விலை கொடுப்பதே பிழை. 2023 இன் இறுதியிலிருந்து இன்டெல் கொம்பனியும் ஐ என்னும் எழுத்தை நீக்கிக் கோர் எனவும் கோர் அல்ட்ரா எனவும் பெயரை மாற்றத் தொடங்கியது. பெயர்கள் இனியும் மாறும். பிரித்துப் பார்க்கும் பழக்கம் ஒன்றே மாறாமற் கைகொடுப்பது.

இரண்டாவது நினைவகம். எத்துணை என்று கேட்பதோடு, பின்னர்க் கூட்டலாமா என்றுங் கேட்டல் வேண்டும். சில மடிக்கணினிகளில் நினைவகம் செருகும் பலகையாய் இருக்கும். பணம் வரும்போது ஒன்றைக் கழற்றி வேறொன்றைச் செருகலாம். வேறு சிலவற்றில் அது தாய்ப்பலகையோடு பற்றாசு வைத்து ஒட்டப்பட்டிருக்கும். பிறந்தபோது இருந்ததே இறக்கும்வரை. எல்.பி.டி.டி.ஆர். என்று தொடங்கும் பெயருடைய நினைவகம் பெரும்பாலும் இவ்வகையினது. கடைக்காரர் இதனைத் தாமாகச் சொல்வது அரிது. 2025 இன் பிற்பகுதி முதல் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் அவற்றைப் பெருந்தொகையாக வாங்கியமை அதற்குத் தலையாய காரணம். இவ்வாறு விலையேறும் காலத்தில், பதினாறு வாங்க வசதியில்லாதவன் எட்டு வாங்கலாம். ஆனால் அந்த எட்டு, செருகும் பலகையாய் இருக்கவேண்டும். ஒட்டிய எட்டைக் காட்டிலும் செருகிய எட்டு மேல்.

மூன்றாவது சேமிப்பகம். சுழலும் வன்தட்டு உள்ள மடிக்கணினியை இக்காலத்தில் வாங்குதல் தகாது. எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலாத சேமிப்பகமே வேண்டும். பழைய கணினியொன்று நத்தைபோல ஊர்கின்றதாயின், அதன் வன்தட்டைக் கழற்றி எஸ்.எஸ்.டி. பூட்டினாலே புத்துயிர் பெறுவதைப் பலர் கண்டிருப்பர். மிக மலிந்த கணினிகளில் இ.எம்.எம்.சி. என்னும் ஒருவகைச் சேமிப்பகம் இருக்கும். அது வேகத்திற் குறைந்தது, தாய்ப்பலகையோடு ஒட்டியது, பெரும்பாலும் 64 அல்லது 128 கிகாபைட் அளவினது. 512 கிகாபைட் என்று எழுதிய கணினியைத் திறந்தால் 476 என்று காட்டுகின்றதே, கடைக்காரர் ஏமாற்றினாரோ என்று சிலர் ஐயுறுவர். ஏமாற்று அன்று. செய்கின்றவர் ஆயிரத்தின் மடங்காலும், விண்டோஸ் 1024 இன் மடங்காலும் அளக்கின்றனர். அளக்கும் கொத்து வேறு, நெல் ஒன்றே.

நூல்களை வருடிச் சேமிக்கும் எண்ணம் உடையவர்க்குச் சேமிப்பகத்தின் கணக்கு வேறு. ஏ4 அளவுத் தாளொன்றை அங்குலத்துக்கு 300 பிக்சலாக வண்ணத்தில் வருடினால், சுருக்காத நிலையில் அப்பக்கம் ஏறத்தாழ 26 மெகாபைட் ஆகும். இருநூறு பக்க நூல் 5.2 கிகாபைட். அத்தகைய நூறு நூலைத் தாங்க 512 கிகாபைட் போதாது. குறள் முழுவதும் கால் மெகாபைட்டில் அடங்க, அதன் பழைய பதிப்பொன்றின் படிமம் பல கிகாபைட்டை விழுங்கும். எழுத்தைக் காப்பது ஒன்று. ஏட்டைக் காப்பது மற்றொன்று. எது தன் வேலை என்று அறிந்தவனே எவ்வளவு வேண்டும் என்று அறிவான். நூலகம் நிறுவனத்தார் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்திலே தொகுத்து வருகின்றமை யாவரும் அறிந்தது. ஊர்தோறும் சனசமூக நிலையங்களிலும் பழைய வீடுகளின் பெட்டகங்களிலும் இன்னும் கிடப்பன பல. அவற்றை வருட முன்வருகின்ற இளைஞர்க்குச் சொல்லவேண்டியது: கணினியின் உள்ளே பெருஞ் சேமிப்பகம் தேடிப் பணத்தைச் செலவிடவேண்டா, உள்ளே 512 போதும், மிகுந்த பணத்துக்கு வெளியே இணைக்கும் வன்தட்டு இரண்டு வாங்குக. ஒன்றிலுள்ளதே மற்றொன்றிலும் இருக்கவேண்டும். இரண்டும் வெவ்வேறு வீட்டில் இருக்கவேண்டும். 1981 ஆம் ஆண்டு யூன் மாதம் புலர்ந்த அந்த இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. பிரதி வேறிடத்தில் இல்லாத ஏடுகள் அன்று என்றைக்குமாய் அழிந்தன. அதற்குப் பின்னும் ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் பூட்டி வைப்போமாயின் நாம் கற்றது ஒன்றுமில்லை.

நான்காவது திரை. தமிழ் வாசிப்பவர்க்கு இது தலையாய உறுப்பு. கடையிலோ இதனைக் கடைசியாகவே கேட்கின்றனர். 15.6 அங்குலம் என்ற அளவொன்றைக் கேட்டு அமைந்துவிடுகின்றனர். அந்த 15.6 அங்குலத் திரையே 1366 இன் மேல் 768 பிக்சல் உடையதாயும் இருக்கலாம். 1920 இன் மேல் 1080 பிக்சல் உடையதாயும் இருக்கலாம். முன்னையதில் ஓரங்குலத்துக்கு ஏறத்தாழ 100 பிக்சல், பின்னையதில் 141. ஆங்கில எழுத்துக்கு முன்னையது ஒருவாறு போதும். தமிழெழுத்தோ சுழியும் வளைவும் உடையது. மெய்யெழுத்தின் தலையிலே புள்ளி நிற்பது. சிறிய எழுத்தில், பிக்சல் குறைந்த திரையில், புள்ளி இருக்கின்றதா இல்லையா என்று மயங்கும். ண, ன வேறுபாடும், ரகரத்துக்கும் காலுக்கும் உள்ள வேறுபாடும் கண்ணை வருத்தும். பிழைதிருத்துவோர்க்கு இதனினும் பெருந் துன்பம் இல்லை. கண் வருந்தினாற் பிழை தப்பிப் போகும். தப்பிய பிழை அச்சேறி நிலைக்கும். ஆகவே தமிழ் வேலைக்குக் கணினி தேடுவோர், முறைவழியாக்கியில் ஒருபடி இறங்கினாலும் திரையில் இறங்கவேண்டா. பக்கவாட்டிலிருந்து நோக்கினாலும் நிறம் மாறாத ஐ.பி.எஸ். வகைத் திரையும், ஒளி தெறிக்காத மேற்பரப்பும் கிடைக்குமாயின் நன்று. இயலுமாயின் கடையிலேயே ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, சிறிய எழுத்தில் வைத்து வாசித்துப் பார்த்தல் வேண்டும். ஏரிலே பூட்டிப் பார்ப்பது என்றால் இதுவே.

விசைப்பலகையைப் பற்றி ஒரு மயக்கம் நம்மிடையே உண்டு. தமிழ் எழுதுவதற்கென்று தனிக் கணினி வேண்டும் என்றோ, அதற்கு மேலதிகப் பணங் கொடுக்கவேண்டும் என்றோ எண்ணுவார் இன்றும் உளர். வேண்டியதில்லை. தமிழ் 1991 முதல் ஒருங்குறியில் இருக்கின்றது. தமிழ்99 விசைமுறையும் ஒலிபெயர்ப்பு முறையும் விண்டோஸிலேயே அமைந்திருக்கின்றன. நம் நாட்டிற் பழகிய ரெங்கநாதன் முறையை விரும்புவோர் அதனைச் சேர்த்துக்கொள்ளலாம். பாமினி எழுத்துருவிலேயே பழகி ஒருங்குறிக்கு வாராதிருப்போர் இனியேனும் வருதல் நன்று. ஏனெனில் பாமினியில் எழுதியதை எழுத்துரு இல்லாத கணினி வேற்றெழுத்தாகவே காட்டும். விசைகள் விரலுக்கு இதமாக இருக்கின்றனவா என்பதையே கடையிற் பார்க்கவேண்டும். நாள்தோறும் பல பக்கம் எழுதுகின்றவனுக்கு, ஆழமின்றித் தட்டையாய்க் கிடக்கும் விசைப்பலகை கைவலியைத்தான் தரும்.

மின்கலத்தைப் பற்றி நம் நாட்டார்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நிகழ்ந்ததை நாம் மறந்துவிடவில்லை. பத்து மணிநேரம் நிற்கும் என்று விளம்பரம் சொல்லும். அதனை விடுத்து, மின்கலம் எத்தனை வாற்று-மணி என்று கேட்டல் வேண்டும். 42 வாற்று-மணிக் கலம், ஏழு வாற்று உண்ணும் வேலைக்கு ஆறு மணிநேரம் நிற்கும் என்பது நேரான கணக்கு. மேலே சொன்ன எச் விகுதியும், விளையாட்டுக்கென அமைந்த தனி வரைகலைச் சில்லும் உடைய கணினி, அதே கலத்தை மிக விரைவில் வெறுமையாக்கிவிடும். பொறியியலிலும் கட்டட வரைபிலும் ஒளிப்படத் தொகுப்பிலும் ஈடுபடும் பிள்ளைக்கு அந்தத் தனிச்சில்லு வேண்டும். கொடுக்கும் பணம் வீண்போகாது. கலைப்பீடம் புகும் பிள்ளைக்கு அது வெறுஞ் சுமை; வெப்பம்; மின்செலவு.

இப்பொழுது செயற்கை நுண்ணறிவுக் கணினி என்று ஒரு பட்டம் வந்திருக்கின்றது. முறைவழியாக்கியினுள்ளே அதற்கென ஒரு தனி உறுப்பு உண்டு என்பது மெய்யே. ஆயினும் மாணவர் பெரும்பாலாரும் வினாவி விடை பெறும் செயற்கை நுண்ணறிவுச் சேவைகள் தொலைவிலுள்ள பெருங் கணினிகளில் இயங்குவன. இணையத் தொடர்பு இருந்தால் பழைய கணினியிலும் அவற்றைப் பயன்படுத்தலாம். அப்பட்டத்துக்கென்று தனிவிலை கொடுக்குமுன், தன் வேலையில் அது எங்கே வருகின்றது என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

வசதி குறைந்தோர் பலர் பாவித்த கணினி வாங்குகின்றனர். அது இழிவன்று, அறிந்து வாங்கினால் அறிவுடைமை. ஆனால் ஓர் எல்லையை உணர்ந்திருத்தல் வேண்டும். விண்டோஸ் 10 க்கு மைக்ரோசொப்ட் கொம்பனி வழங்கிவந்த பொதுவான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஓ, டி.பி.எம். 2.0 என்னும் காவல் உறுப்பும், இன்டெல் ஆயின் பெரும்பாலும் எட்டாந் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆகிய முறைவழியாக்கியும் வேண்டும் என்கின்றது. ஆறாந் தலைமுறை ஐ7 ஒன்றை மலிவென்று வாங்குகின்றவன், முறைப்படி விண்டோஸ் 11 க்குப் போகும் வழியை அடைத்துக்கொள்கின்றான். அத்தகைய கணினி முன்னரே வீட்டில் இருக்குமாயின் எறிந்துவிடவேண்டா. லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை விலையின்றி நிறுவலாம்; அதிலே தமிழும் எழுதலாம்; கட்டுரையும் ஆக்கலாம். புதிதாய்ப் பணங் கொடுத்து வாங்குவோர் மாத்திரம் அந்த எல்லையைக் கடவாதிருக்க. பாவித்த கணினியின் மின்கலம் எவ்வளவு தேய்ந்துள்ளது என்பதனை விண்டோஸே ஓர் அறிக்கையாகக் காட்டும். அதனைக் காட்டும்படி கேட்க வெட்கப்படவேண்டா.

எம்மிடம் தமிழ் பயின்று பல்கலைக்கழகம் புகுந்த மாணவி ஒருத்தி உண்டு. அவள் வீட்டார் கடையொன்றிற் புத்தம்புதிய மடிக்கணினி வாங்கிக் கொடுத்தனர். ஒட்டிய நினைவகம் நான்கு கிகாபைட். ஒட்டிய சேமிப்பகம் அறுபத்து நான்கு. விண்டோஸ் 11 நிறுவுவதற்கு வேண்டிய மிகக் குறைந்த அளவு இதுவே என்பதனால் கடைக்காரர் சொன்னது பொய்யன்று. நிறுவிய பின் வேலை செய்வதற்கு இடம் எங்கே? புதுப்பிப்பு ஒவ்வொன்று வரும்போதும் சேமிப்பகம் நிரம்பியது. ஆய்வுக் கட்டுரையையும் வருடிய நூலையும் ஒருங்கே திறக்க இயலாது. கூட்டவும் வழியில்லை. ஈற்றில், அதே விலைக்குக் கிடைத்திருக்கக்கூடிய, எட்டாந் தலைமுறைப் பாவித்த கணினியொன்றை அவள் தோழியிடம் இரவல் வாங்கியே கட்டுரையை முடித்தாள். புதியது என்ற சொல்லுக்காக அக்குடும்பம் கொடுத்த விலை அது. உறுப்பமைதி ஒரு வரி. அதனை வாசித்துச் சொல்ல அவ்வூரில் ஒருவர் இல்லாது போனதே குறை.

இன்னொன்று. மொடல் பெயர் ஒன்றாயிருந்தாற் பொருளும் ஒன்றாயிருக்கும் என்று நம்பலாகாது. ஒரே பெயருடைய கணினி ஒரு கடையில் எட்டு கிகாபைட்டோடும், மறுகடையில் பதினாறோடும், ஓரிடத்தில் நல்ல திரையோடும், மற்றோரிடத்தில் மங்கிய திரையோடும் விற்கப்படுகின்றது. ஏட்டுச் சுவடி பார்த்தார்க்கு இது புதிதன்று. நூல் ஒன்றே, பிரதிக்குப் பிரதி பாடம் வேறு. 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் வந்த மண்ணிலே, பிரதிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை வேறொருவர் நமக்குக் கற்பிக்க வேண்டுமா? பெயரோடு தொடரும் நீண்ட இலக்கம் ஒன்று பெட்டியின் புறத்தே அச்சிட்டிருக்கும். அதனை எழுதிக்கொண்டு மூன்று கடை ஏறி ஒப்பிடுக. பாடபேதம் புலப்படும்.

இங்கே இரண்டு தடைகள் எழலாம். கைத்தொலைபேசி இருக்க மடிக்கணினி எதற்கு என்பது ஒன்று. கேட்பதற்கும் வாசிப்பதற்கும் தொலைபேசி போதும். 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் பள்ளிகள் பூட்டியிருந்தபோது எத்தனையோ பிள்ளைகள் அதிலேயே படித்தனர். எழுதுவதற்கு அது போதாது. சிறு திரையிலே கட்டுரையின் முன்பின் தொடர்பைக் கண்ணால் அளந்து எழுத இயலாது. எழுதாத படிப்பு அரைப்படிப்பு.

தமிழ்ப் பண்டிதருக்கு இயந்திரத்தோடு என்ன வேலை என்பது மற்றொன்று. நம் முன்னோர் ஏட்டிலே எழுதியவர். ஏட்டை அறிந்தே எழுதினர். எந்த ஓலை முற்றியது, எதனை அவித்து எவ்வாறு உலர்த்துவது, எந்த எழுத்தாணி ஓலையைக் கிழிக்காது என்பதையெல்லாம் அறிந்திருந்தனர். கருவி அறிவு கல்விக்குப் புறம்பானது என்று அவர் கருதவில்லை. ஓலை போய்த் தாள் வந்தது. தாளோடு இப்போது திரையும் வந்திருக்கின்றது. நாம் மாத்திரம், எழுதுவது எமது தொழில், எழுதுபொருள் பிறர் தொழில் என்று சொல்வது முன்னோர் வழியும் அன்று. பின்னோர்க்கு நன்மையும் அன்று.

ஆகவே ஆசிரியர்களை நோக்கி ஒரு விண்ணப்பம். உயர்தரப் பரீட்சை எழுதிய மாணவர் பல்கலைக்கழகம் புகுமுன், பள்ளிதோறும் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குக. தகவல் தொழினுட்ப ஆசிரியரும் தமிழாசிரியரும் கூடியிருந்து, கடைத்துண்டு ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, செய்யுளுக்குப் பதவுரை சொல்வதுபோல அதற்குப் பதவுரை சொல்லுக. மாணவர் தம் வேலையை ஒரு தாளில் எழுதட்டும். அதன் எதிரே வேண்டிய உறுப்பை எழுதட்டும். கூட்டக்கூடியது எது, கூட்டவியலாதது எது என்று குறிக்கட்டும். வணிகர்க்கும் ஒரு விண்ணப்பம். விலைத்துண்டின் கீழே, நினைவகம் ஒட்டியதா செருகியதா, திரையின் பிக்சல் எத்துணை, மின்கலம் எத்தனை வாற்று-மணி என்னும் மூன்றையும் தமிழில் எழுதி வைத்தால் அவர்க்கு இழப்பில்லை, நம்பிக்கை வளரும்.

பணம் உடையவன் பிழைத்துக் கொள்வான்; ஒன்று உதவாதாயின் மற்றொன்று வாங்குவான். ஒருமுறை மாத்திரமே வாங்கக்கூடிய வீட்டுப் பிள்ளைக்கே தெரிந்து வாங்கும் அறிவு வேண்டியது. அந்த அறிவுக்கு விலையில்லை. கொடுப்பதனால் நமக்குக் குறைவதும் இல்லை. அடுத்த பெறுபேறு வெளிவருமுன் ஒவ்வொரு பள்ளியும் அந்த ஒரு பாடவேளையை நடத்தி முடிக்கட்டும்.